வேண்டுதலும் விண்ணப்பமும்

பிரார்த்தனை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் எழுத்தாளர்களிடையே ஒரு தரவரிசை தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எதையும் கேட்காமல் கும்பிடுவது உயர்ந்தது. கேட்டுக் கும்பிடுவது தாழ்ந்தது. பிள்ளை வேண்டும், கடன் தீரவேண்டும், பையன் பரீட்சையில் தேறவேண்டும், வலையில் மீன் விழவேண்டும் என்று கேட்பவன் கடவுளோடு வியாபாரம் செய்கிறான். ஒன்றும் கேட்காமல் நிற்பவனுக்குத்தான் ஆன்மிகம் கைகூடியிருக்கிறது. கடவுள் இல்லை என்று சொல்லும் நண்பர்கள்கூட இந்த வரிசையை மட்டும் மறுக்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது வேடிக்கை. பிறகு இதே வரிசை கவிதைக்குள்ளும் கடத்தப்படுகிறது. மௌனம், வெறுமை, எல்லையின்மை என்று எழுதினால் அது தரிசனம். என் மகளுக்குக் காய்ச்சல் விடவேண்டும் என்று எழுதினால் அது பாமரம்.

இந்த வரிசையோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு கேள்விகளை இது ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. குறிப்பிட்ட ஒன்றை வேண்டிக்கொண்டால் அது நடக்குமா என்பது ஒரு கேள்வி. அப்படி வேண்டிக்கொள்வதற்கு அர்த்தம் உண்டா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு என் பதில், நடக்காது என்பது. இரண்டாவதற்கு, அர்த்தம் இருக்குமானால் குறிப்பிட்ட வேண்டுதலுக்குத்தான் இருக்கமுடியும் என்பது. இந்த இரண்டையும் ஒரே ஆள் சொல்லலாமா என்று கேட்பவர்களுக்காக எழுதுகிறேன்.

உதாரணங்களுக்கு ராமநாதபுரத்துக் கடற்கரையைவிட்டு வெளியே அதிகம் போகவேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி, கடல் பார்த்த ஜனங்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் ஒரு பஸ் தூரத்துக்குள் தங்கள் தங்கள் வேண்டுதல் ஸ்தலங்களை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் ஸ்தலத்துக்கு இன்னொருவர் போய் நேர்ந்துகொள்வதும் சகஜம். கேட்பது என்று வந்தபிறகு மதம் பார்ப்பதில்லை.

திருப்புல்லாணியில் தொடங்குகிறேன். அங்கே ராமர் நிற்கவில்லை, தர்ப்பைப் புல்லின்மேல் படுத்திருக்கிறார். இலங்கைக்குப் போக வழி விடும்படி சமுத்திரராஜனை வேண்டிக் கிடந்த கோலம். இதைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களில் எத்தனைபேர் அதன் விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள் என்று தெரியவில்லை. கடவுளே ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக இன்னொரு தெய்வத்தை வேண்டுகிறார், வேண்டுதல் பலிக்கவில்லை. வால்மீகியில் மூன்று இரவுகள். கம்பன் அதை ஏழு நாட்களாக்கிவிடுகிறான். யுத்த காண்டத்தில் வருணனை வழி வேண்டு படலம் என்று அதற்கு ஒரு தனிப் படலமே இருக்கிறது. ஏழு நாளும் முறைப்படி வேண்டிக் கிடந்தும் கடலின் தலைவன் வரவில்லை. பிறகு கோபம், வில், அம்பு. கடல் கொதித்து மீன்கள் வெந்தபிறகுதான் வருணன் ஓடிவருகிறான். வந்து சொல்லும் சமாதானம் இன்னும் பிரமாதம்: வேறொரு கடலில் மீன்களுக்குள் மூண்ட சண்டையை விலக்கப் போயிருந்தானாம், அதனால் இங்கே நடந்தது தெரியாமல் போயிற்றாம். தாசில்தார் கேம்ப் போயிருக்கிறார் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கம்பன் சிரிக்காமல் சொல்லியிருக்கிறான் என்று நான் நம்பவில்லை.

கதை அதோடு முடியவில்லை. வருணன் கடலை விலக்கித் தருவதும் இல்லை. அணை கட்டிக்கொள் என்கிறான். கல்லைச் சுமந்தவை குரங்குகள். வில்லில் ஏற்றிய அம்பைச் சும்மா இறக்கமுடியாது என்பதால் அதற்கு ஓர் இலக்கு வேண்டியிருக்கிறது. எங்கோ இருந்த மருகாந்தாரம் அந்த அம்பை வாங்கிக்கொள்கிறது. வழி கேட்டவனுக்கு வழி கிடைக்க, இதில் ஒரு சம்பந்தமும் இல்லாத இன்னொரு நிலம் வெந்துபோகிறது. இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ஓரியூரில் இது மறுபடி வரும்.

தசரதன் பிள்ளை வரம் கேட்டதும் திருப்புல்லாணியில்தான் என்பது ஸ்தல ஐதீகம். இன்றைக்கும் பிள்ளையில்லாதவர்கள் அங்கே வந்து நாகப்பிரதிஷ்டை செய்கிறார்கள். கோயிலில் கொடுக்கும் பாயசத்தைச் சாப்பிடுகிறார்கள். ஒரே ஊரில், ஒரே மதிலுக்குள், பலித்த வேண்டுதலும் பலிக்காத வேண்டுதலும். ஜனங்கள் பலித்ததை எடுத்துக்கொண்டார்கள். பலிக்காதது படுத்த கோலமாக, வெறும் தரிசனமாக மாறிவிட்டது.

பலித்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்தக் குணம் பழையது. கிரேக்கத்து தியாகரஸ் பற்றி சிசரோ சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் நேர்ந்துகொண்டபடி கோயிலில் வைத்த சித்திரங்களை ஒரு நண்பர் காட்டுகிறார். தெய்வங்கள் மனிதரைக் கவனிப்பதில்லை என்கிறாயே, இத்தனைபேர் பிழைத்திருக்கிறார்களே, பார், என்கிறார். தியாகரஸ் கேட்கிறான்: மூழ்கிப்போனவர்களின் சித்திரம் எங்கே இருக்கிறது? இரண்டாயிரம் வருஷம் தாண்டியும் இதைவிடச் சுருக்கமாக யாரும் இந்த விஷயத்தைச் சொல்லவில்லை.

1964 டிசம்பர் 22 இரவை இதோடு வைத்துப் பார்க்கலாம். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களோடு கடல் கொண்டுபோயிற்று, ஒருவரும் மிஞ்சவில்லை. அதே புயலில் ராமேஸ்வரம் கோயிலுக்குள் ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள். கோயிலை எட்டுவதற்கு முன்னாலேயே தண்ணீர் நின்றுவிட்டது என்று தீவில் இன்றைக்கும் சொல்வார்கள். ராமநாதசுவாமி காப்பாற்றினார் என்கிறார்கள். கனத்த கல் மதிலுக்குள் ஒதுங்கியவன் பிழைப்பதற்கும் தண்டவாளத்தின்மேல் திறந்தவெளியில் அகப்பட்டவன் சாவதற்கும் காரணம் தேட தெய்வம்வரை போகவேண்டியதில்லை. ஆனால் நான் கேட்பது அதுவல்ல. ரயில் பெட்டிக்குள் தண்ணீர் ஏறிய அந்த நிமிஷங்களில் உள்ளே இருந்தவர்கள் வேண்டிக்கொள்ளவில்லையா? அவர்கள் கூப்பிட்டது அதே ராமநாதசுவாமியைத்தானே, அல்லது அல்லாவை, அல்லது அந்தோணியாரை? அந்த இருட்டில் எழுந்ததைவிட உண்மையான பிரார்த்தனை அந்தத் தீவில் வேறெங்கும் எழுந்திருக்க முடியாது. தனுஷ்கோடியில் இருந்த மாதா கோயிலின் சுவர்கள் கூரையில்லாமல் நின்றதைப் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பிழைத்த கோயிலின் கதை ஸ்தலபுராணத்தோடு சேர்ந்துகொள்கிறது. இடிந்த கோயில் சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் இடமாகிறது.

அப்துல் கலாமின் அக்னிச் சிறகுகளில் ஒரு பகுதி இங்கே கவனிக்கவேண்டியது. தொழுகை முடிந்து அவர் தகப்பனார் வெளியே வரும்போது பல மதத்து ஜனங்களும் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருப்பார்கள். அவர் விரல் நுனியைத் தண்ணீரில் தொட்டு ஓதிக்கொடுப்பார். அதை வீட்டில் நோயாளிக்குக் கொடுப்பார்கள். குணமானவர்கள் திரும்பிவந்து நன்றி சொல்வார்கள். அவர் சிரித்தபடி, நன்றியை அல்லாவுக்குச் சொல்லுங்கள் என்பார். அழகான பகுதி, பொய்யில்லாத பகுதியும்கூட. ஆனால் திரும்பிவந்தவர்கள் குணமானவர்கள். குணமாகாதவர்கள் எதற்குத் திரும்பிவரப் போகிறார்கள்? வாசலில் நின்ற சிறுவன் பார்த்தது தியாகரஸுக்குக் காட்டப்பட்ட அதே சித்திரங்களை. அந்த மனிதரின் பெருமை தண்ணீர் பலித்ததில் இல்லை, நன்றியைத் தன் கணக்கில் வாங்கிக்கொள்ள மறுத்ததில் இருக்கிறது. புத்தகம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. நாம் பார்க்கலாம்.

எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. 1872ல் பிரான்ஸிஸ் கால்ட்டன் ஒரு காரியம் செய்தார். இங்கிலாந்தில் தேவாலயங்கள்தோறும் வாரம் தவறாமல் அரசர் நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும் என்று ஜபம் நடக்கிறது. அப்படியானால் அரச குடும்பத்தார் மற்றவர்களைவிட அதிக நாள் வாழவேண்டும். கணக்கெடுத்துப் பார்த்தால் அவர்களின் சராசரி ஆயுள் 64ஐ ஒட்டி, வசதியுள்ள வகுப்பாரில் எல்லோரையும்விடக் குறைவு. குறும்பான கட்டுரை. 2006ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைவிட முறையானது. இதயத்தில் பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு வந்த 1802 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். தங்களுக்காக ஜபம் நடக்கலாம், நடக்காமலும் இருக்கலாம் என்று சொல்லப்பட்டவர்கள் இரண்டு பிரிவு. அதில் ஒரு பிரிவுக்கு நிஜமாகவே ஜபம் நடந்தது. மூன்றாவது பிரிவினரிடம் நிச்சயமாக ஜபம் நடக்கும் என்று சொல்லி, நடத்தவும் செய்தார்கள். தெரியாமல் ஜபம் பெற்றவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல். ஜபமே இல்லாதவர்களில் 51. ஜபம் நடக்கிறது என்று தெரிந்தவர்களில் 59. கடைசி எண் தற்செயலாக இருக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள். இருக்கலாம்.

என்னை உறுத்தியது எண்கள் அல்ல. ஜபம் செய்தவர்களுக்கு நோயாளியின் முதல் பெயரும் இனிஷியலும் மட்டும் தரப்பட்டன. ஜபத்தில் சேர்க்கவேண்டிய வாசகமும் எல்லோருக்கும் ஒன்றாக எழுதித் தரப்பட்டது: அறுவைச் சிகிச்சை நல்லபடியாக நடக்க, சீக்கிரம் குணமாக, சிக்கல் வராமலிருக்க. விஞ்ஞானத்துக்கு இந்த ஒழுங்கு தேவைதான். ஆனால் முகம் தெரியாத ஒரு இனிஷியலுக்காக அச்சடித்த வாக்கியத்தைச் சொல்வதை வேண்டுதல் என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவைக்கும் எங்கள் ஊர்ப் பாட்டி ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் முறையிலும் எண்ணிப் பார்த்தால் விடை மாறும் என்று நான் சொல்ல வரவில்லை; மாறாது. அந்த ஆய்வு விளைவை அளந்தது. பேச்சு என்ற அளவில் வேண்டுதல் என்ன செய்கிறது என்பதை அது அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. அது விமர்சகன் வேலை.

பலித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பலனை எங்கே வரைக்கும் எண்ணுவது? 1692 வாக்கில் மறவர் சீமையில் தடியத் தேவர் என்ற தலைவர் நோயில் கிடக்கிறார். உபதேசியார் ஒருவர் வந்து சுவிசேஷத்தை ஓதி ஜபம் செய்கிறார், நோய் தீர்கிறது. தேவர் அருளானந்தரிடம், அதாவது ஜான் டி பிரிட்டோவிடம், ஞானஸ்நானம் கேட்கிறார். ஒரு மனைவிதான் இருக்கலாம் என்பது நிபந்தனை. ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்குகிறார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவள் முறையிடுகிறாள். சேதுபதிக்கு அரசியல் பயமும் இருந்தது. தடியத் தேவர் சிம்மாசனத்துக்கு உரிமை பேசக்கூடியவர். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று அங்கேயுள்ள செம்மணலை ஜனங்கள் எடுத்துப் போகிறார்கள், நோய்க்கும் நேர்ச்சைக்கும். 1947ல் ரோமாபுரி அவரைப் புனிதர் ஆக்கியது.

நோய் தீர்ந்தது ஜபத்தின் வரவு என்றால், விலக்கப்பட்ட பெண்களும் வெட்டப்பட்ட தலையும் எந்தக் கணக்கில் பற்று? அந்தப் பெண்ணும் ஏதோ ஒரு தெய்வத்திடம் ஏதோ ஒன்றைக் கேட்டிருப்பாள் அல்லவா? புனிதர் கதையில் அவளுக்குக் கோள் சொல்லும் வேஷம் மட்டும்தான் தரப்பட்டிருக்கிறது. மருகாந்தாரத்துக்கு என்ன வேஷமோ அதுவேதான். பலன் என்பது கதை சொல்பவன் நிறுத்தும் இடம். முன்னால் நிறுத்தினால் அற்புதம், சற்றுத் தள்ளி நிறுத்தினால் கொலை, இன்னும் தள்ளி நிறுத்தினால் புனிதர் பட்டம்.

இதற்குமேல் ஏர்வாடி. இங்கே நிதானமாகப் பேசவேண்டியிருக்கிறது. சுல்தான் சையது இப்ராகிம் ஷஹீது அடங்கியிருக்கும் தர்காவுக்கு மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடுவது நீண்டகால வழக்கம். கனவில் உத்தரவு வரும், உத்தரவு வந்தால் குணமாகி வீட்டுக்குப் போகலாம் என்பது நம்பிக்கை. அதுவரை தங்க தர்காவைச் சுற்றித் தனியார் விடுதிகள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அப்படி ஒரு விடுதியின் கூரை பற்றிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது, விடுதிகள் மூடப்பட்டன, இருந்தவர்கள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். பிற்பாடு தர்காவிலேயே மனநல மருத்துவம் கிடைக்கும்படி, துஆவும் மருந்தும் சேர்ந்த ஒரு ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. நல்ல காரியம். எந்தப் பகுத்தறிவுப் பிரசங்கத்தையும்விடப் புத்திசாலித்தனமான காரியம் என்றும் சொல்வேன்.

ஆனால் அந்தச் சங்கிலி பற்றி யோசிக்கவேண்டும். மூட நம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் அடைத்துவிட்டால் யோசிக்கவேண்டிய பாக்கி அப்படியே நின்றுவிடுகிறது. ஒருவன் தனக்கு வேண்டும் என்று கேட்பது ஒன்று. இன்னொருவனுக்காகக் கேட்டு, அவனையே அந்த வேண்டுதலின் சாமானாக ஆக்கி, காத்திருக்கும் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டு ஊருக்கு பஸ் ஏறுவது இன்னொன்று. ஏர்வாடியில் எரிந்தவர்கள் வேண்டிக்கொண்டவர்கள் அல்ல, வேண்டிக்கொள்ளப்பட்டவர்கள். விட்டுப்போன உறவினர்களில் பலருக்கு வேறு வழி இருந்ததா என்பதையும் கேட்காமல் இருக்கமுடியாது. எத்தனை கிராமத்துக்கு அருகே மனநல மருத்துவர் இருந்தார்? வழியில்லாதபோது வேண்டுதல் மருத்துவத்தின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொண்டபிறகு இடத்தைக் காலிசெய்வதில்லை. திருப்புல்லாணிக் கதை இந்த ஒரு விஷயத்தில் தெளிவாக இருக்கிறது: வழி கேட்டவன்தான் புல்லின்மேல் படுத்துக் கிடந்தான், லட்சுமணனைக் கட்டிப்போட்டு அவனைக் கிடக்கச் சொல்லவில்லை. ஏழு நாளில் வராவிட்டால் எழுந்துகொள்ளவும் செய்தான்.

இந்த இடத்தில் படித்தவர்கள் ஒரு சமரசம் சொல்வார்கள். பிரார்த்தனை உலகத்தை மாற்றாது, பிரார்த்திப்பவனை மாற்றும். மனம் பக்குவப்படும், அமைதி கிட்டும். கேட்க நன்றாக இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்காகக் காசு முடிந்துவைக்கும் தாயிடம், அம்மா, இதனால் உங்கள் மனம் பக்குவப்படும் என்று சொல்லிப் பாருங்கள். அவள் பக்குவம் கேட்கவில்லை. குழந்தையைக் கேட்கிறாள். அவள் கேட்டதைத் தள்ளிவிட்டு, அவள் கேட்காத ஒன்றை அவள் கேட்டதாகச் சொல்வது மரியாதை ஆகாது. இந்தச் சமரசம் தோற்கமுடியாத ஒரு பிரார்த்தனையைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறது. குழந்தை பிழைத்தாலும் பக்குவம், செத்தாலும் பக்குவம். எது நடந்தாலும் சரியாகப்போகும் ஒரு வாக்கியம் எதையும் சொல்லவில்லை என்பது தர்க்கத்தில் மட்டுமல்ல, கவிதையிலும் உண்மை. குறிப்பிட்ட வேண்டுதலின் கௌரவமே அது தோற்கமுடியும் என்பதில் இருக்கிறது. இன்ன தேதிக்குள், இன்னாருக்கு, இன்னது என்று சொன்னவன் தன்னை ஏமாற்றத்துக்குத் திறந்து வைக்கிறான். ஏமாந்தபிறகு கேள்வி கேட்கும் உரிமையும் அவனுக்கு மட்டும்தான்.

சுந்தரர் இதை நன்றாகத் தெரிந்தவர். அவர் கேட்டவை எல்லாம் ஸ்தூலமான சாமான்கள். குண்டையூரில் கிடைத்த நெல்லை வீடு சேர்க்க ஆள் வேண்டும் என்று ஒரு பதிகம். கண் போனபிறகு வெண்பாக்கத்தில் கண் கேட்டார், ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மற்றக் கண்ணுக்காகத் திருவாரூரில் போய் நின்றபோது அவர் பேசும் பேச்சு பக்தரின் பேச்சா, ஏமாந்த சிநேகிதனின் வசவா என்று பிரிக்கமுடியாது. பக்திக் கவிதையில் எனக்குத் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றும் இடங்கள் இவைதான். எங்கும் நிறைந்த பொருளே என்று ஓடும் பக்கங்களை அச்சு அழகுக்காகப் புரட்டுவதோடு சரி.

உத்தரகோசமங்கைக்கு வருகிறேன். அங்கே மரகத நடராஜர்மேல் வருஷம் முழுவதும் சந்தனக் காப்பு. மார்கழித் திருவாதிரைக்கு ஒரு நாள் களைவார்கள். கூட்டம் அதற்குத்தான். எனக்கு முக்கியம், மாணிக்கவாசகர் நீத்தல் விண்ணப்பத்தை அங்கே அருளினார் என்பது. ஐம்பது பாட்டு, கட்டளைக் கலித்துறை, அந்தாதி. அநேகமாக ஒவ்வொரு பாட்டிலும் ஒரே கேள்வி: என்னை விட்டுவிடுவாயா? தலைப்பைக் கவனிக்கவேண்டும். துதி, போற்றி என்றெல்லாம் வராமல் விண்ணப்பம் என்று வருகிறது. கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கிறோமே, அதே சொல். இன்ன ஊர், இன்னாருடைய அடிமை, இன்ன நிலைமை, ஆகவே இன்னது செய்யவேண்டும். நிலைமையை அவர் சொல்லும் விதத்தில் ஒரு மனுதாரரின் துல்லியம் இருக்கிறது. இரண்டு பக்கமும் தீப்பிடித்த கொள்ளிக்கு நடுவே அகப்பட்ட எறும்பு. எறும்புகளுக்கு நடுவே அகப்பட்ட மண்புழு. யானைகள் சண்டையிடும் இடத்தில் முளைத்த சின்னப் புதர். ஆற்றங்கரை மரம். ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து எழுதியது. எதையும் பிரபஞ்ச சோகம் என்று பொதுப்படுத்த முடியாது. ஆனால் பிற்காலத்தில் இந்தப் பகுதிக்குப் பிரபஞ்ச வைராக்கியம் என்று கருத்து எழுதிவைத்துவிட்டார்கள். நான் முதலில் சொன்ன தரவரிசை அன்றைக்கே வேலைசெய்திருக்கிறது: பயந்துபோன ஒருவனின் விண்ணப்பத்தைத் துறவியின் கொள்கையாக மாற்றியாகிவிட்டது.

விண்ணப்பம் முடியும் தறுவாயில் அவர் செய்வது வைராக்கியத்தோடு எப்படிச் சேரும் என்று அந்தக் கருத்தை எழுதியவர்கள் யோசித்தார்களா? மிரட்டுகிறார். என்னை விட்டுவிட்டால் ஊர் சிரிக்கவைப்பேன். யானைத்தோல் போர்த்த பித்தன், விஷம் தின்ற பித்தன், சுடுகாட்டுப் பித்தன் என்று உன்னை ஏசுவேன் என்கிறார். இப்படி மிரட்ட முடிவது, முதலில் குறிப்பாக ஒன்றைக் கேட்டிருப்பதால்தான். ஒன்றும் கேட்காதவனுக்கு ஏசுவதற்கு என்ன முகாந்திரம்? நம் நண்பர்கள் வியாபாரம் என்று ஒதுக்கும் கொடுக்கல் வாங்கலில்தான் இந்தச் சண்டைக்கான உரிமை உற்பத்தியாகிறது. மனு கொடுத்தவன்தான் என் மனு என்ன ஆயிற்று என்று கேட்கமுடியும்.

எதையும் கேட்காத உயர்நிலைக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது தாயுமானவரை. அவர் அடங்கியிருப்பதும் ராமநாதபுரத்தில்தான். உத்தரகோசமங்கைக்குப் போகும் வழியிலேயே பார்த்துவிட்டுப் போகலாம். அவரைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. அவர் பாஷையில் எனக்கு அத்தனை ஈடுபாடு கிடையாது. ஆனால் எந்நாட்கண்ணி என்று அவர் ஒரு நீண்ட பகுதி பாடியிருப்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். கண்ணிக்குக் கண்ணி, அந்த நாள் எப்போது என்று கேட்கிறார். கேட்காதவர் என்று பெயர் வாங்கியவரின் தொகுப்பிலேயே கேள்விகளின் பட்டியல் இத்தனை நீளம்.

நவீன எழுத்தில் இதை நேராகப் பார்த்தவர் புதுமைப்பித்தன். கடவுள் எதிரே வந்து நிற்கும்போது கந்தசாமிப் பிள்ளை முக்தி கேட்கவில்லை, தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்டார். சிறுபத்திரிகை நடத்துபவர்கள் யாரும் அவரைப் பரிகசிக்க மாட்டார்கள். கதை எவ்வளவு சிரித்தாலும் அந்தக் கோரிக்கையைக் கேவலப்படுத்தவில்லை. கடவுளால் பூலோகத்தில் ஒரு குடித்தனத்தை நடத்தமுடியவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

அவருக்குப் பிற்பட்ட நம் கவிதையில் கேட்கும் குரல் ஏன் காணாமல் போயிற்று என்பதற்கு என்னிடம் முழு விளக்கம் இல்லை. தெய்வம் இல்லையென்றால் யாரைக் கேட்பது என்பது நியாயமான பதில்தான். ஆனால் தெய்வம் போனதோடு கேட்கவேண்டிய பொருளும் போய்விட்டதா? காய்ச்சல் போய்விட்டதா, கடன் போய்விட்டதா, கடலுக்குப் போனவன் திரும்பாத இரவுகள் போய்விட்டனவா? ராமேஸ்வரம் மீனவர் வீட்டுப் பெண் மாசிவாக்கில் கச்சத்தீவு அந்தோணியாரிடம் வைக்கும் வேண்டுதலும், புருஷன் இலங்கைச் சிறையில் இருக்கும்போது கலெக்டரிடம் கொடுக்கும் மனுவும் ஒரே வாக்கியம்தான்: இன்னாரைத் திருப்பிக் கொடு. இரண்டில் எதற்குப் பதில் வரும் என்று அவளுக்கு நிச்சயம் கிடையாது. இரண்டிலும் பெயர் இருக்கிறது, படகு நம்பர் இருக்கிறது, தேதி இருக்கிறது. நம் கவிதைகளில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா என்று பத்திரிகைகளைப் புரட்டிப் பார்க்கலாம். நான் புரட்டிப் பார்த்தேன். இருள், கடல், பறவை, தனிமை. எந்தக் கடல் என்று தெரியவில்லை.

நீத்தல் விண்ணப்பத்தில் பதில் எங்கேயும் வருவதில்லை. ஐம்பதாவது பாட்டில் ஏசினாலும் போற்றினாலும் என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டு, மறுபடி விட்டுவிடாதே என்கிறார். அந்தாதியானதால் அந்தப் பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லில் போய் முட்டுகிறது. படித்துக்கொண்டே போனால் மனு திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பமாகிறது.